டீசலா, பேட்டரியா, வால் கேபிளா, தலைக்கம்பியா: ஸ்வீடன் சுரங்கங்கள் எதை வாங்குகின்றன?

சுரங்க இயந்திரச் சந்தையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு நாட்டின் பெயர், ஒரு வளர்ச்சி விகிதம், மேலே ஏறும் ஒரு கோடு என்று போட்டு முடித்துவிடுவார்கள். ஸ்வீடன் விஷயத்தில் அது உதவாது. அங்கே இயங்கும் உலோகச் சுரங்கங்களே சுமார் ஒரு டஜன்தான், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் தோண்டப்படும் இரும்புத்தாதுவில் ஏறக்குறைய 90 விழுக்காடு அங்கிருந்துதான் வருகிறது. வாங்குகிறவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். இரும்புக்கு அரசு நிறுவனமான எல்கேஏபி, செம்பு, துத்தநாகம், பொன், வெள்ளிக்கு போலிடன், அப்புறம் கௌனிஸ் அயர்ன் போல சில சிறியவர்கள். சிங்க்குருவன் துத்தநாகச் சுரங்கத்தையும் 2025இல் போலிடனே வாங்கிக்கொண்டதால் பட்டியல் இன்னும் சுருங்கிவிட்டது. விற்கும் பக்கமும் அப்படித்தான்: நிலத்தடி இயந்திரம் என்றால் எபிராக் அல்லது சாண்ட்விக், இரண்டுமே ஸ்வீடன் நிறுவனங்கள். எபிராக் 2018இல் அட்லஸ் காப்கோவிலிருந்து பிரிந்து வந்தது, அதன் முக்கியத் தொழிற்சாலை ஓரெப்ரூவில். சாண்ட்விக்கின் லோடர்களும் (தாதுவை அள்ளிப் போகும் வண்டிகள்) டிரக்குகளும் கடல் தாண்டி பின்லாந்தின் துர்குவில் தயாராகின்றன.

இவ்வளவு சின்ன வட்டத்தில் தேவை கூடுமா குறையுமா என்று கேட்பதைவிட, அடுத்து வாங்கப்போகும் இயந்திரம் எதில் ஓடும் என்று கேட்பதுதான் பயன் தரும். நான்கு வழிகள் இருக்கின்றன. டீசல், பேட்டரி, வால் போலக் கேபிளை இழுத்துக்கொண்டு ஓடும் மின் லோடர், தலைக்கு மேல் கம்பியைத் தொட்டுக்கொண்டு ஏறும் டிராலி டிரக். நான்கையும் ஒன்றுக்கொன்று எதிரே நிறுத்திப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்: கம்பெனிக்காரர் காட்டும் விளக்கத்தாளை ஓரமாக வைத்துவிட்டு, தாது எந்த வழியாக மேலே வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

டீசலில் தொடங்கலாம், இன்றும் அதுதான் வீட்டுக்காரர், மற்றவையெல்லாம் வாடகைக்கு வந்தவை. விலை குறைவு, எந்த மூலைக்கும் போகும், எண்ணெய் ஊற்றிவிட்டால் ஷிப்ட் முழுக்க ஓடும், வயதானால் வேறு நாட்டுக்காரருக்கு விற்றுவிடலாம். இந்தக் கடைசி விஷயத்தை ஒப்பீடுகளில் யாரும் எழுதுவதில்லை. பழைய டீசல் லோடருக்கு உலகம் முழுக்க ஆள் உண்டு, பழைய பேட்டரி லோடரைக் கையில் வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது?

ஆனால் டீசலின் கழுத்தைக் காகிதங்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே வருகின்றன. சுரங்க இயந்திரங்களுக்கான டீசல் வரிச்சலுகையை ஸ்வீடன் 2019 ஆகஸ்டில் நீக்கியது. வேலையிடக் காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு 0.5 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் அரைப் பங்கை, தாண்டக்கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றிய விதிக்கு நிலத்தடிச் சுரங்கங்களுக்கு மட்டும் கொடுத்திருந்த அவகாசம் 2023 ஆகஸ்டில் முடிந்தது. டீசல் புகைக்கரிக்கு, அதாவது தனிமக் கார்பனுக்கு, கனமீட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற வரம்பு, நிலத்தடிச் சுரங்கத்துக்கும் சுரங்கப்பாதைத் தோண்டலுக்கும் 2026 பிப்ரவரி 21 முதல் என்று நாள் குறிக்கப்பட்டது. உள்ளே காற்றுத் தள்ளும் காற்றாடியைக் கூட்டி இந்த வரம்புக்குள் நிற்கலாம்தான், ஆனால் எல்கேஏபியின் இரும்புச் சுரங்கம் உள்ள வடகோடி ஊரான கிருனாவில் சனவரி மாதம் வெளியே இருக்கும் காற்றை அப்படியே உள்ளே தள்ள முடியாது, சூடாக்கித்தான் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் காற்று இறங்கும் குழியில் பனிக்கட்டி கட்டிக்கொள்ளும். ஆக ஒவ்வொரு டீசல் எந்திரத்துக்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்றாடியும் ஒரு சூடேற்றியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தச் செலவு லோடரின் கணக்கில் எழுதப்படாததால்தான் டீசல் மலிவு என்று தோன்றுகிறது.

எதிர்த்திசையிலும் ஒரு காற்று அடித்தது. வாகன டீசலில் உயிரி எரிபொருள் கலந்து கார்பனைக் குறைத்தாக வேண்டும் என்ற கட்டாய அளவு 30.5 விழுக்காடாக இருந்தது, 2024 சனவரி 1 முதல் அதை 6 ஆக இறக்கிவிட்டார்கள். டீசல் விலை இறங்கியது, மின் இயந்திரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் திரும்பி வர ஆகும் காலம் நீண்டது. ஒரே அரசாங்கம் வலது கையால் தள்ளி இடது கையால் இழுத்தால் வாங்கப்போகிறவர் என்ன செய்வார்? பழைய இயந்திரத்துக்கே என்ஜின் மாற்றி இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவார்.

இனி வால் கேபிள். புதுமை என்று இன்று விற்கப்படும் மின்மயம் கிருனாவுக்குப் பழைய கதை. 1990களிலேயே அங்கே டோரோ 2500இ என்ற மின் லோடர்கள், பின்னால் கேபிள் உருளையைச் சுழற்றிக்கொண்டு, 25 டன் தாதுவை அள்ளிக்கொண்டு போய்க் குழியில் கொட்டின. அதே வரிசையில் வந்த சாண்ட்விக் எல்எச்625ஐஇ இப்போது அங்கே ஓடுகிறது, அதற்கும் 25 டன்தான் சுமை. பேட்டரி கிடையாது, சார்ஜ் ஏற்றக் காத்திருக்க வேண்டியதில்லை, புகையும் இல்லை. கயிறு கட்டிய மாடு மாதிரி, கயிறு நீளும் மட்டும் மேயும், அதற்கு மேல் ஒரு அடி நகராது.

கிருனாவில் இது நன்றாக நடப்பதற்குச் சுரங்கம் தோண்டும் முறைதான் காரணம். அங்கே மேல்தளத்திலிருந்து தாதுவை வெடித்துச் சரியவிட்டு, ஒரே மாதிரியான நேர்க்குறுக்குப் பாதைகளில் லோடர் திரும்பத் திரும்பப் போய் வருகிறது. குழியில் கொட்டிய தாது 1365 மீட்டர் தளத்துக்கு விழுகிறது, அங்கிருந்து ஓட்டுநர் இல்லாத ரயில் உடைப்பானுக்குக் கொண்டுபோகிறது, பிறகு தூக்கிக் கூடையில் மேலே வருகிறது. டிரக்குக்குப் பெரிதாக வேலையே இல்லை. கோணல்மாணலாகத் தாது படிந்து கிடக்கும் சின்னச் சுரங்கத்தில் இதே லோடரை இறக்கினால் ஒரு திருப்பத்தில் கேபிளைத் தானே மிதித்துக்கொண்டு நிற்கும். கேபிள் பழுது என்பது இந்த இயந்திரத்தின் தலைவலி, தடம் நேராக இருந்தால்தான் தாங்கும். என் கணக்கில் நான்கிலும் மிகவும் குறைத்து மதிப்பிடப்படுவது இதுதான், பத்திரிகையில் படம் போட இதில் ஒன்றும் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து பேட்டரி, சத்தம் எல்லாம் இதைச் சுற்றித்தான். எபிராக்கின் 14 டன் ஸ்கூப்டிராம் எஸ்டி14, 42 டன் மைன்டிரக் எம்டி42, சாண்ட்விக்கின் 18 டன் எல்எச்518பி என்று வரிசையாக வந்துவிட்டன. சாண்ட்விக் 2019இல் கலிபோர்னியாவின் ஆர்ட்டிசன் நிறுவனத்தை வாங்கி, தன் பேட்டரியைத் தானே கீழே இறக்கி வைத்துவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளும் லோடரைக் கொண்டுவந்தது. மாற்றுவதா, ஓய்வு நேரத்தில் வேகமாக சார்ஜ் ஏற்றுவதா என்ற சண்டை இன்னும் முடியவில்லை. மாற்றுவதற்குக் கூடுதல் பேட்டரியும் பாறைக்குள் வெட்டிய ஓர் அறையும் வேண்டும், சார்ஜ் ஏற்றுவதற்கு அந்த நேரத்தில் இயந்திரம் சும்மா நிற்க வேண்டும். பாறையில் அறை வெட்டுவது காசு, இயந்திரம் நிற்பதும் காசு.

இடையில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். சுமையோடு மொத்தம் 75 டன் எடையுள்ள ஒரு டிரக்கை 1000 மீட்டர் செங்குத்து உயரம் ஏற்ற, உராய்வையெல்லாம் ஒதுக்கிவிட்டாலும், சுமார் 200 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டும். ஏழுக்கு ஒன்று என்ற சாய்வில் அது 7 கிலோமீட்டர் பாதை. டீசலில் லிட்டருக்கு 10 கிலோவாட் மணி இருந்தாலும் வேலைக்கு வருவது 4 என்று வைத்துக்கொண்டால் 50 லிட்டர், எடையில் 42 கிலோ சொச்சம். அதே 200 கிலோவாட் மணியைப் பேட்டரியாகச் சுமந்தால் எடை டன் கணக்கில் போகும். இறங்கும்போது பிரேக் சக்தி கொஞ்சம் திரும்பி வரும், ஆனால் இறங்குவது வெறும் டிரக், ஏறுவதுதான் சுமை. தாது மலையுச்சியில் இருந்து நாம் கீழே இறக்குகிறோம் என்றால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும், ஸ்வீடனின் ஆழச் சுரங்கங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆகவே சமதளத்தில் ஓடும் லோடருக்கும் துளைப்பு இயந்திரத்துக்கும் பேட்டரி சரி, நீண்ட ஏற்றத்தில் தாது சுமக்கும் டிரக்குக்குத் தனியாக பேட்டரி மட்டும் போதாது என்பது என் முடிவு. துளைப்பு இயந்திரத்தைச் சொல்லும்போது ஒன்று: அது துளை போடும்போது எப்போதுமே சுவர் மின்சாரத்தில்தான் ஓடும், இடம் மாறும்போது மட்டும்தான் டீசல், எனவே அதற்குச் சின்ன பேட்டரியே போதும். நான்கு வழிச் சண்டையில் சத்தமில்லாமல் மின்மயமாகிறது அதுதான்.

பேட்டரி யாருடையது என்ற கேள்வியும் உண்டு. எபிராக் 2018இல் ஸ்வீடன் பேட்டரி நிறுவனமான நார்த்வோல்ட்டோடும் மின்கருவி நிறுவனமான ஏபிபியோடும் கைகோத்தது, உள்ளூர் பேட்டரி, உள்ளூர் இயந்திரம் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். 2025 மார்ச்சில் நார்த்வோல்ட் ஸ்வீடனில் திவால் மனு போட்டது. கனரக இயந்திரங்களுக்கு பேட்டரித் தொகுப்பு செய்துவந்த பிரிவை டிரக் நிறுவனமான ஸ்கானியா வாங்கியது என்பதால் அந்தப் பக்கம் முழுதாக இருண்டுவிடவில்லை. ஆனாலும் பத்து வருடம் ஓட வேண்டிய இயந்திரத்தை வாங்குகிறவருக்கு, அதன் இதயத்தைச் செய்தவன் ஏழு வருடத்தில் படுத்துவிட்டான் என்பது லேசான செய்தி இல்லை. பேட்டரியை விலைக்கு விற்காமல் ஓடும் நேரத்துக்குக் கட்டணம் வாங்கும் முறையை எபிராக் வைத்திருப்பது இந்தப் பயத்தைக் குறைக்கத்தான் என்று நினைக்கிறேன். எப்படியும் அந்த நிறுவனத்தின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்வீஸும் உதிரி பாகங்களும்தான், இயந்திரத்தை விற்பது உறவைத் தொடங்கும் ஒரு சாக்கு.

கடைசியில் தலைக்கம்பி. இதற்கு இரண்டு முகம். ஒன்று திறந்தவெளி: யெல்லிவாரே பக்கத்தில் 1968இல் தொடங்கிய ஐத்திக் செம்புச் சுரங்கத்தில் போலிடன் 2018இல் 700 மீட்டர் கம்பி போட்டு நான்கு கேட்டர்பில்லர் 795எஃப் டிரக்குகளை மாற்றிப் பார்த்தது, பிறகு அதை விரிவாக்கவும் செய்தது. ஐத்திக் தாதுவில் செம்பு 0.2 விழுக்காடு அளவில்தான். கொஞ்சம் செம்புக்கு மலை மலையாகக் கல் சுமக்க வேண்டும், ஆகவே ஒவ்வொரு டன்னுக்கும் ஆகும் எரிபொருள் உயிர்க்கணக்கு. அந்த டிரக்குகள் பிறவியிலேயே டீசல் ஜெனரேட்டரும் மின் மோட்டாரும் கொண்டவை, கம்பியைத் தொடும் கையை மேலே பொருத்தினால் ஏற்றத்தில் டீசல் சும்மா உறுமிக்கொண்டிருக்கும், மோட்டார் கம்பியிலிருந்து குடிக்கும். சக்கரம் வரை கியர் வழியாகவே ஓடும் டிரக் வைத்திருப்பவருக்கு இந்த வழி திறக்காது.

இன்னொரு முகம் நிலத்தடி. போலிடனின் கிறிஸ்டினெபெர்க் சுரங்கத்தில் போலிடன், எபிராக், ஏபிபி மூவரும் 13 விழுக்காடு சாய்வில் 800 மீட்டர் சோதனைத் தடம் போட்டு, பேட்டரி உள்ள எம்டி42 டிரக்கைக் கம்பியில் ஏற்றினார்கள். ஏறும்போது கம்பியே மோட்டாருக்கும் கொடுக்கிறது, பேட்டரியையும் நிரப்புகிறது, கம்பி முடிந்த இடத்திலிருந்து பேட்டரி பார்த்துக்கொள்கிறது. மேலே போட்ட 200 கிலோவாட் மணிக் கணக்குக்கு உருப்படியான ஒரே பதில் இதுதான். கம்பி பிடிக்கும் நிலத்தடி டிரக் ஸ்வீடனுக்குப் புதிதும் இல்லை, கிருனா டிரக் என்ற பெயரிலேயே பல வருடம் முன்பு வந்தது, அதைச் செய்த ஜிஐஏ என்ற நிறுவனத்தை 2011இல் அட்லஸ் காப்கோ வாங்கியது. அப்போது பேட்டரி சரியாக இல்லை, கம்பி இல்லாத இடத்தில் டிரக் திணறியது. அதற்கும் முன்னால் போனால், போர்யுஸ் நீர்மின் நிலையத்தைக் கட்டி கிருனாவிலிருந்து நார்வே எல்லை வரை தாது ரயிலை மின்மயமாக்கியது 1915இல். கம்பியில் தாது இழுப்பது அந்த ஊருக்கு அப்பன் பாட்டன் தொழில்.

குறை? கம்பி போட்ட பாதையை நகர்த்த முடியாது. ஐத்திக் போன்ற குழியில் சுவர் அகலும்போது பாதையும் மாறும், கம்பத்தைப் பிடுங்கி மறுபடி நட வேண்டும், வெடி வைக்கும் இடத்துக்கு அருகில் கம்பி கொண்டுபோக முடியாது. நிலத்தடியில் சாய்தளம் இருபது வருடம் அப்படியே இருக்கும் என்பதால் இந்த வலி குறைவு, பதிலுக்குக் கூரை உயரம் தொல்லை. அதனால் ஆயுள் ஐந்தாறு வருடம் என்று தெரிந்த சின்னத் தாதுப் படிவுக்குக் கம்பி போடுகிறேன் என்று யாராவது சொன்னால் பணத்தை எண்ணி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மின்சார விலையும் நாடு முழுக்க ஒன்றல்ல. 2011 நவம்பரிலிருந்து ஸ்வீடன் நான்கு விலை மண்டலங்கள். வடக்கே ஆறுகளும் அணைகளும் உள்ள பகுதியில் மின்சாரம் பொதுவாக மலிவு. போலிடனின் கார்பென்பெர்க், சிங்க்குருவன் சுரங்கங்கள் இரண்டும் தெற்கே மூன்றாவது மண்டலத்தில் இருக்கின்றன. ஒரே போலிடன், ஒரே டிரக், ஆனால் மின்மயக் கணக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வரும்.

இன்னொரு போட்டியாளரை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை: ஓட்டுநர் இல்லாத டீசல் இயந்திரம். வெடித்த பிறகு புகை வெளியேறும் வரை ஆட்கள் இறங்க முடியாத மணிநேரங்களில் தூரத்திலிருந்து இயக்கும் லோடர் வேலை செய்யும், டீசலாக இருந்தாலும். கையில் இருக்கும் ஒரே பணத்துக்குத் தானியக்கமும் மின்மயமும் சண்டை போடுகின்றன. பல இடங்களில் முதல் சுற்றில் தானியக்கம்தான் ஜெயிக்கிறது என்பது என் ஊகம், ஏனென்றால் கூடுதல் டன் உடனே கண்ணுக்குத் தெரியும்.

சரி, நான் வாங்கினால்? ஒரே மாதிரிக் குறுக்குப் பாதைகளும் தாதுக் குழியும் உள்ள இரும்புச் சுரங்கத்துக்கு வால் கேபிள் லோடர், யோசனையே வேண்டாம். நீண்ட சாய்தளத்தில் டிரக் ஏறும் உலோகச் சுரங்கத்துக்குக் கம்பியும் பேட்டரியும் சேர்ந்த டிரக், கூடவே தாது வெட்டும் முகப்பில் அள்ளும் வேலைக்கு பேட்டரி லோடர். நான்கைந்து வருடமே தாது இருக்கும் இடத்தில் நல்ல வடிகட்டி வைத்த டீசல், அதுவும் வாடகைக்கு. கிருனா பக்கத்திலேயே 2023 சனவரியில் எல்கேஏபி அறிவித்த பெர் கெய்யர் படிவில் அரிய மண் உலோக ஆக்சைடு 10 லட்சம் டன்னுக்கு மேல் இருக்கிறது. அங்கே பாதை எந்தச் சாய்வில், தாது குழியில் விழுமா டிரக்கில் ஏறுமா என்று வரைபடத்தில் முடிவாகும் நாளில், எபிராக்கும் சாண்ட்விக்கும் எதை விற்பது என்பதும் முக்கால்வாசி முடிவாகிவிடும்.