கும்பகோணத்தில் ஒரு சின்ன ஜெனரிக் மருந்துக் கடை: மாதாமாதம் வாங்குபவளின் விமர்சனம்

அம்மாவின் மாத மருந்துகளை நான் வாங்குவது கும்பகோணத்தில் பெரிய கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கும் சின்ன ஜெனரிக் மருந்துக் கடையில். முதலில் கண்டுபிடித்த கம்பெனி அல்லாமல் பிற கம்பெனிகள் அதே மருந்தைச் செய்து மலிவாக விற்பதுதான் ஜெனரிக். நாலு பேர் நின்றால் வாசல் அடைத்துவிடும். உள்ளே பி.ஃபார்ம் முடித்த ஒரு பெண், பில் போட ஒரு பையன், வயதானவர்கள் உட்கார ஒரு பெஞ்சு, இன்சுலினுக்கு ஒரு ஃபிரிட்ஜ். அவ்வளவுதான். ஆனால் தினமும் மாத்திரை போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், இந்த ஊரில் நான் முதலில் கைகாட்டுவது இந்தக் கடையைத்தான். ஒரு பெரிய குறையும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது விலையைத்தான். அம்மாவுக்கு வயது 74. சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றும் இருக்கின்றன. சுகருக்கு மெட்ஃபார்மின், சிட்டாகிளிப்டின், பிரஷருக்கு எனலாப்ரில், கொலஸ்ட்ராலுக்கு அட்டார்வாஸ்டாட்டின் என்று நான்கு மருந்துகள். பிராண்டு பெயரில் வாங்கியபோது மாதம் 2,000 ரூபாயை நெருங்கிய பில், இங்கே 500 ரூபாய்க்குள் முடிகிறது. இறக்கத்தில் பெரும் பங்கு சிட்டாகிளிப்டினுடையது. ஒரு மாத்திரை 40 ரூபாய்க்கு மேல் விற்ற மருந்து அது. 2022 ஜூலையில் அதன் காப்புரிமை (கண்டுபிடித்த கம்பெனி மட்டுமே விற்கும் உரிமை) இந்தியாவில் முடிந்ததும் பல கம்பெனிகள் அதைச் செய்து விற்க ஆரம்பித்தன, விலை சரசரவென்று இறங்கியது.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் மற்ற அட்டைகள் தீர்ந்திருக்கும், சிட்டாகிளிப்டின் அட்டையில் மட்டும் பாதி மிச்சம் இருக்கும். அம்மாவிடம் கேட்டேன். "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா போதும்டி, எனக்கு ஒண்ணும் பண்ணல. அந்த ஒரு மாத்திரை காசுல ஒரு லிட்டர் பால் வாங்கலாம்" என்றார். பள்ளிச் சம்பளம் வாங்கும் மகள் வீட்டிலேயே இந்தக் கணக்கு ஓடுகிறது என்றால், கூலி வேலைக்குப் போகும் வீடுகளில் என்ன நடக்கும்? டாக்டர் சுகர் குறையவில்லையே என்று இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார், அந்த மாத்திரையும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகும். இப்போது அம்மா தினமும் போடுகிறார். மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு 8.6-லிருந்து 7.3-க்கு வந்திருக்கிறது. மருந்து புதிது இல்லை, விடாமல் உள்ளே போகிறது, அதுதான் வித்தியாசம்.

காப்புரிமை என்றால் நமக்குச் சம்பந்தமில்லாத கோர்ட்டு விவகாரம் என்று பலர் நினைக்கிறார்கள். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இமாட்டினிப் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி காப்புரிமை கேட்டபோது, 2006-ல் முதலில் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று மறுப்பு உறுதியானது. தெரிந்த மருந்தையே கொஞ்சம் மாற்றிக் கொண்டுவந்தால், அது நோய்க்குக் கூடுதல் பலன் தருகிறது என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் காப்புரிமை கிடையாது என்கிறது நம் சட்டத்தின் 3(டி) பிரிவு. மாதம் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆன அந்த மருந்தை இந்தியக் கம்பெனிகள் அதில் பத்தில் ஒரு பங்கு அளவில் கொடுத்தன. நம் ஊர்ச் சந்துகளில் இப்படிப்பட்ட கடைகள் நிற்பதற்கு அந்தப் பிரிவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, கடைக்கு வருகிறேன். விலை குறைவான கடைகள் இந்த ஊரில் வேறும் இருக்கின்றன. என்னை இங்கேயே வரவைப்பது அந்த மருந்தாளுநர் பெண். அம்மாவை முதலில் அழைத்துப் போனபோது, சீட்டில் இருந்த பெயர்களைப் பார்த்துவிட்டு, பழைய அட்டைகளைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றையும் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப்பெயரையும் மில்லிகிராமையும் படித்து, சீட்டோடு ஒப்பிட்டார். மெட்ஃபார்மினை எடுத்தபோது, "இதை எப்படிம்மா போடுறீங்க?" என்று கேட்டார். மாத்திரை பெரிதாக இருக்கிறது, தொண்டையில் நிற்கிறது, அதனால் இரண்டாக உடைத்துப் போடுகிறேன் என்றார் அம்மா. அந்தப் பெண் எழுந்து மேசையைச் சுற்றி வந்து பெஞ்சில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். "உடைக்காதீங்கம்மா. இது எஸ்.ஆர். மாத்திரை. நாள் பூரா மெதுவாக் கரையுற மாதிரி செஞ்சிருக்காங்க. உடைச்சா மொத்தமும் ஒரேயடியா இறங்கிடும், வயித்தைப் புரட்டும்." அம்மாவுக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டுதான் இருந்தது. இத்தனை வருடத்தில் எந்த மெடிக்கலிலும் யாரும் கேட்காத கேள்வி அது. அப்புறம், பிரஷர் மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து வறட்டு இருமல் உண்டா என்றும் கேட்டார். எனலாப்ரில் வகை மருந்துகளில் சிலருக்கு அது வரும், வந்தால் டாக்டரிடம் சொல்லி வேறு வகைக்கு மாறலாம். அம்மாவுக்கு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்குத் தைராய்டு. என் மாத்திரையையும் இங்கேயே மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "வேணாம் டீச்சர். தைராய்டு மாத்திரையில அளவு கொஞ்சம் மாறினாலும் டெஸ்ட்ல காட்டும். இப்ப சாப்பிடுற கம்பெனியிலயே இருங்க. மாத்தணும்னா டாக்டரைக் கேட்டுட்டு மாத்துங்க, மாத்தினதும் ஆறு வாரத்துல டி.எஸ்.எச். பாருங்க" என்றார். வலிப்பு மருந்து ஃபெனிடாயின், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் இவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். கைக்கு வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்லும் கடையை நம்பலாம்.

அம்மாவுக்கு ஆரம்பத்தில் பயம் இருந்தது. "விலை கம்மின்னா மட்டமான மாத்திரையா இருக்குமோ?" நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள், அதனால் ஒவ்வொரு அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு கதையாகச் சொன்னேன். மெட்ஃபார்மினுக்கு மூலம் ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற ஒரு செடி. அந்தச் செடியில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் இருப்பது தெரிந்து, அதன் வழியில் வந்த மெட்ஃபார்மினை 1957-ல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார். எனலாப்ரில் வகைக்கு வழி காட்டியது பிரேசிலின் ஜரராகா விரியன் பாம்பு. அதன் விஷம் ரத்த அழுத்தத்தை இறக்கும் விதத்தை 1960-களில் செர்ஜியோ ஃபெரெய்ரா ஆராய்ந்ததிலிருந்துதான் அந்த மருந்துகள் பிறந்தன. கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு வந்தபோது அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார், ஏனென்றால் அது அரிசிக் கதை. ஜப்பானில் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்திருந்த பெனிசிலியம் பூஞ்சையில், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்துகளில் முதலாவது கிடைத்தது. அம்மா போடும் அட்டார்வாஸ்டாட்டின் முழுக்க ஆய்வகத்தில் செய்யப்பட்டது, ஆனால் பாதை அந்தப் பூஞ்சை போட்டது. "அப்போ விலை கம்மியான இந்த அட்டையிலயும் அதே சரக்குதானே?" என்றார். அதே மூலக்கூறுதான்.

ஆசிரியர் அறையில் வேறு ஒரு பயம் உலவுகிறது: ஜெனரிக்கில் 80 விழுக்காடு மருந்து இருந்தால் போதுமாம். இது தவறு. மாத்திரையில் இருக்கும் மருந்தின் அளவு வேறு, இந்த 80 வேறு. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு இரண்டு கம்பெனி மாத்திரையையும் கொடுத்து, ரத்தத்தில் மருந்து எவ்வளவு உயரம் ஏறுகிறது, மொத்தம் எவ்வளவு சேர்கிறது என்று அளக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள விகிதத்தின் நம்பக எல்லை (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வீச்சு) முழுவதும் 80 விழுக்காட்டுக்கும் 125 விழுக்காட்டுக்கும் நடுவே அடங்க வேண்டும். சராசரி 80-ல் நின்றால் எல்லையின் ஒரு பாதி வெளியே விழுந்துவிடும், சோதனையில் தேறாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் 12 ஆண்டுகளில் வந்த 2,070 ஆய்வுகளைத் தொகுத்து 2009-ல் வெளியிட்டார்கள், சராசரி வித்தியாசம் 4 விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது.

அது அமெரிக்கக் கணக்கு. நம் நாட்டில், எளிதில் கரையாத மருந்துகளுக்கு இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது 2017 ஏப்ரலில்தான். அட்டார்வாஸ்டாட்டின் அந்த வகையைச் சேர்ந்தது. அதனால் கம்பெனி மாற்றியதும் அம்மாவுக்குக் கொழுப்புப் பரிசோதனை எடுத்துப் பார்த்தேன். எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு பழைய அளவிலேயே இருந்தது. நீங்களும் மாற்றினால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள், அடுத்த பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

இன்சுலின் ஃபிரிட்ஜைப் பற்றி ஒரு வரி. உள்ளே வெப்பமானி தொங்குகிறது, கதவில் கட்டிய நோட்டில் காலையும் மாலையும் அளவு எழுதுகிறார்கள், 2 முதல் 8 டிகிரிக்குள். வெயில் காலத்தில் கேட்காமலேயே ஐஸ் ஜெல் வைத்துக் கட்டித் தருகிறார்கள்.

இனி குறை. ஒவ்வொரு மாதமும் கம்பெனி மாறுகிறது. போன மாதம் வெள்ளையாக, வட்டமாக இருந்த கொலஸ்ட்ரால் மாத்திரை இந்த மாதம் மஞ்சளாக, நீளமாக வந்தது. அம்மா அதை ஏற்கெனவே இருந்த வேறொரு மாத்திரை என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டார், சில நாட்கள் போடவில்லை. இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் மாரடைப்பு வந்து மருந்து சாப்பிடுகிறவர்களைப் பற்றி 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. மாத்திரையின் நிறம் மாறியபோது மருந்தை நிறுத்திவிடும் வாய்ப்பு 34 விழுக்காடும், வடிவம் மாறியபோது 66 விழுக்காடும் கூடியிருந்தது. மூலக்கூறு ஒன்றுதான் என்று நமக்குத் தெரியும், கையில் மாத்திரையை எடுக்கும் 74 வயதுக் கண்ணுக்குத் தெரியாது. மொத்த வியாபாரியிடம் எது மலிவோ அதை எடுப்பதால் இப்படி ஆகிறது. கடைக்காரர் இதில் கட்டாயம் மாற வேண்டும். நிரந்தர வாடிக்கையாளர்களுக்காவது ஒரே கம்பெனி அட்டையை நிறுத்தாமல் தர வேண்டும். நான் சொன்ன பிறகு எங்களுக்கு மட்டும் எடுத்து வைக்கிறார்கள். கேட்கத் தெரியாதவர்களுக்கு அது நடப்பதில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

அட்டையில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யும் உறுத்துகிறது. அச்சில் 110 ரூபாய் இருக்கும், பில்லில் 25 ரூபாய் போடுவார்கள். இந்தக் கடை அந்தக் குறைவான விலையை நமக்குத் தருகிறது. மனசு வைக்காத கடை அச்சிட்ட விலையையே வாங்கினாலும் சட்டப்படி குற்றமில்லை. அச்சு விலையையே இறக்குவது கடைக்காரர் கையில் இல்லை, கம்பெனியின் கையிலும் அரசின் கையிலும் இருக்கிறது.

வேறு வழிகளும் இருக்கின்றன. மத்திய அரசின் மக்கள் மருந்தகம் 2008-லிருந்து நடக்கிறது, மாநில அரசு 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. அங்கே அச்சிட்ட விலையே குறைவு. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கியது, பிற மாநிலங்கள் அதைப் பார்த்துத்தான் கற்றன. சுகருக்கும் பிரஷருக்கும் மாநில அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, செலவே இல்லை. அங்கே எழுதித் தருவது போதுமானதாக இருந்தால் முதலில் அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கடைக்குப் போவதாக இருந்தால் மாதத்தின் முதல் வாரத்தைத் தவிருங்கள், கூட்டத்தில் அந்தப் பெண்ணால் நின்று பேச முடியாது. சீட்டோடு பழைய அட்டைகளையும் கொண்டுபோங்கள், மாத்திரை தீர்ந்த காலி அட்டையாக இருந்தாலும் சரி. மருந்து தீர ஒரு வாரம் இருக்கும்போதே சொல்லி வையுங்கள், அதே கம்பெனிதான் வேண்டும் என்று சொல்லுங்கள். பில்லில் பேட்ச் எண்ணும் எக்ஸ்பைரியும் இருக்கும், எடுத்து வையுங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை பூட்டு.