மினி குதிரை வண்டி: வண்டியைவிட ஹார்னஸுக்குச் செலவு செய்யுங்கள்

டெக்சாஸில் நாங்கள் இருக்கும் பக்கம் மினி குதிரை வளர்ப்பவர்கள் நிறையப் பேர். 1978இல் தொடங்கிய அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் அலுவலகமும் இந்த மாநிலத்தில்தான். அவர்கள் கணக்குப்படி 34 அங்குல உயரத்தைத் தாண்டினால் அது மினி இல்லை; பிடரி மயிர் முடியும் இடத்தில் அளப்பார்கள். எங்கள் குதிரை 33 அங்குலம், எடை 100 கிலோவை ஒட்டி. சில வருஷங்களாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் வண்டி கட்டி ஓட்டுகிறோம். புதிதாக வாங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்பதால் விவரமாக எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது ‘ஈஸி என்ட்ரி’ என்கிற இரும்புக் குழாய் வண்டி. இரண்டு சக்கரம், தாழ்வான படி, ஒரு பெஞ்ச் இருக்கை. மினி அளவுக்கு வரும் வண்டிகள் பெரும்பாலும் இந்த வகைதான். நன்றாகவே உழைக்கிறது. ஒரே தொந்தரவு டயர். நம் ஊரில் செருப்பைத் துளைக்கிற அதே நெருஞ்சி இங்கேயும் சாலையோரமெல்லாம் படர்ந்து கிடக்கிறது. காற்றடைத்த ட்யூப் தாங்கவில்லை. காற்றே தேவைப்படாத திட டயருக்கு மாறினோம். குலுக்கல் கொஞ்சம் கூடுதல், ஆனால் பாதி வழியில் குதிரையோடு நிற்க வேண்டியதில்லை.

வண்டியைப் பற்றி அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது ஹார்னஸ், அதாவது குதிரையை வண்டியோடு பூட்டும் வார்களின் செட் பற்றி. வண்டி சுமாராக இருந்தாலும் நல்ல ஹார்னஸ் சமாளித்துவிடும். ஹார்னஸ் சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல வண்டியும் ஆபத்துதான்.

விலை குறைந்த செட்டுகள் பலவற்றில் பிரீச்சிங் இருக்காது. பிரீச்சிங் என்பது குதிரையின் பின்தொடையைச் சுற்றி வரும் பட்டை. அதிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு வார் வந்து, வண்டியின் ஷாஃப்டில், அதாவது குதிரையின் இருபுறமும் நீளும் கம்பியில், கட்டப்படும். சரிவில் இறங்கும்போதும் குதிரை சட்டென்று நிற்கும்போதும் வண்டி முன்னால் உருண்டு வரும். அந்த பாரத்தைக் குதிரை தன் பின்பக்கத்தால் தாங்கி நிறுத்துவது இந்தப் பட்டையால்தான். நம் வண்டிக்கு பிரேக்கே இதுதான். ஷோ மைதானம் சமதளமாக இருப்பதால் அங்கே இல்லாமலே ஓட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, தெருவில் ஓட்டப் போகிறவர்களுக்கும் ‘மினிக்கு பிரீச்சிங் தேவையில்லை’ என்று சொல்லி விற்கிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. 100 கிலோ குதிரைக்குப் பின்னால் வண்டியும் ஆளுமாக அதே அளவு எடை உருண்டு வருகிறது. சின்னக் குதிரைக்குத்தான் இது கட்டாயம் வேண்டும்.

பிரீச்சிங் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது முக்கியம். பிட்டத்து எலும்பின் முனைக்குச் சற்றுக் கீழே, தொடை சதைப்பற்றாக இருக்கும் இடத்தில் படிய வேண்டும். மேலே ஏறினால் வாலடியில் போய்ச் சிக்கும். தாழ்ந்தால் சரிவில் காலை முன்னால் வாரிவிடும். குதிரை இழுத்துக்கொண்டு நடக்கும்போது தொடைக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் போகும் இடைவெளி போதும்.

மார்புப் பட்டையும் அப்படித்தான். மூச்சுக்குழாயை அழுத்தாத தாழ்விலும் தோள்மூட்டு அசைவைத் தடுக்காத உயரத்திலும் கிடைமட்டமாக இருக்க வேண்டும். அதிலிருந்து பின்னால் போய் வண்டியை இழுக்கும் வார்கள் (இழுவார்) வண்டியில் நேராகக் கட்டப்படாமல், நடுவில் ஆணியில் திரும்பக்கூடிய ஒரு குறுக்குக் கட்டையில் மாட்டப்பட வேண்டும். சிங்கிள்ட்ரீ என்பார்கள். குதிரை ஒவ்வொரு தோளாக முன்னால் வைக்கும்போது கட்டையும் கூடவே திரும்பும். திரும்பாத கட்டையாக இருந்தால் மார்புப் பட்டை இடமும் வலமும் தேய்த்துக்கொண்டே இருக்கும். சில நாளில் அந்த இடத்தில் முடி உதிர்ந்து தோல் சிவக்கும். வண்டி வாங்கும்போது அந்தக் கட்டையைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

அடுத்தது பாரம். பழனி அடிவாரத்து ஜட்காக்காரர் ‘கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க’ என்று ஆட்களை நகர்த்தி உட்காரவைத்தது நினைவிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டு சக்கர வண்டியில் முன்பாரம் கூடினால் ஷாஃப்ட் குதிரையின் முதுகை அழுத்தும். பின்பாரம் கூடினால் ஷாஃப்ட் மேலே தூக்கி வயிற்று வாரை இழுக்கும். நான் பார்க்கும் விதம் இது: சமதளத்தில் குதிரையைக் கட்டி, என் மகளை இருக்கையில் உட்காரவைத்து, லகானை அவள் கையில் கொடுப்பேன். மனைவி குதிரையின் தலைப்பக்கம் நிற்பாள். ஷாஃப்ட் நுழைந்திருக்கும் வளையத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரலை ஷாஃப்டின் அடியில் கொடுத்துத் தூக்குவேன். லேசாக எழும்பி, விட்டதும் மெதுவாக வளையத்தில் அமர்ந்தால் சரி. விரலுக்குக் கனமாக இருந்தால் இருக்கையை ஒரு துளை பின்னால் தள்ளுவேன். தானாக மேலே முட்டிக்கொண்டு நின்றால் முன்னால் இழுப்பேன். மகள் ஓட்டும்போது ஒரு அளவு, நான் ஓட்டும்போது வேறு அளவு. ஆள் மாறினால் இருக்கையும் மாற வேண்டும்.

ஷாஃப்டின் நுனி தோள்மூட்டைத் தாண்டி நீளக் கூடாது. நீண்டால் திரும்பும்போது கழுத்தில் குத்தும். பின்னங்காலை எட்டி வைத்து ஓடும்போது குளம்பு வண்டியின் எந்தக் கம்பியிலும் படாத அளவுக்கு இழுவார் நீளம் இருக்க வேண்டும்.

எடையைப் பொறுத்தவரை, சமதளத்தில் வண்டியும் ஆளும் சேர்ந்து குதிரையின் எடையைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறோம். மண் சாலை, ஏற்றம், கோடை வெயில் என்றால் அதிலும் குறைத்துக்கொள்வோம். மூன்று வயது முடியாத குட்டிக்கு வண்டியே கட்டக் கூடாது. வயது வந்த பிறகும், முதலில் பின்னால் நடந்தபடி லகான் பிடித்துப் பழக்கி, அப்புறம் ஒரு பழைய டயரை இழுக்கவிட்டு, சத்தத்துக்குப் பயம் தெளிந்த பிறகுதான் வண்டி.

கட்டும் முறையில் எங்கள் வீட்டில் விட்டுக்கொடுக்காத சில விஷயங்கள் உண்டு. நிற்கும் குதிரையிடம் வண்டியைத்தான் கொண்டுவருவோம். குதிரையைப் பின்னால் நடத்தி வண்டிக்குள் தள்ளமாட்டோம். கடிவாளமும் லகானும் மாட்டிய பிறகே வண்டி வரும். பிறகு இழுவார், அப்புறம் பிரீச்சிங் வார், கடைசியில் ஷாஃப்டைக் கீழே பிடித்துவைக்கும் வார். அவிழ்ப்பது அப்படியே தலைகீழ். வண்டி பூட்டியிருக்கும்போது கடிவாளத்தை யாரும் கழற்றக் கூடாது, ஒரு நிமிஷத்துக்குக்கூட. அதோடு சேர்ந்த கண்பட்டை போனதும் பின்னால் ஏதோ துரத்துவது போலக் குதிரைக்குத் தெரியும். மிரண்டு ஓடினால் பிடித்து நிறுத்த கையில் எதுவும் இருக்காது. ஏறுபவர் லகானைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். ஹெல்மெட் எல்லோருக்கும்.

எந்தப் பொருளில் வாங்குவது? முதலில் தோல் ஹார்னஸ் வைத்திருந்தோம். அழகு, படிமானம் இரண்டும் உண்டு. ஆனால் இந்த ஊர் வெயிலில் வேர்வை காய்ந்து உப்புப் படிந்தால் தோல் விறைத்துப்போகிறது. துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது பயோதேன், அதாவது பாலியஸ்டர் நாடாவின் மேல் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த வார். ஓஸ் பைப்பில் தண்ணீர் அடித்தால் வேலை முடிந்தது. இவ்வளவு நாள் உழைத்தும் வாரில் ஒரு கீறல் இல்லை. பக்கிள்களைத்தான் மாற்ற வேண்டி வந்தது. துருப்பிடிக்காத எஃகு பக்கிள் கேட்டு வாங்குங்கள். முதுகில் வரும் சேணம் மட்டும் மலிவாக எடுக்காதீர்கள். உள்ளே கட்டமைப்பு இல்லாத வெறும் பஞ்சுப் பட்டை, முதுகெலும்பின் மேலேயே உட்காரும்.

குளிர்காலத்தில் மினிக்கு முடி கரடிபோல் அடர்ந்துவிடும். அப்போது ஒரு துளை தளர்த்துவோம். வசந்தத்தில் முடி கொட்டியதும் எல்லா வாரையும் மறுபடி அளந்து மாட்டுவோம்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஷாஃப்ட் வண்டியோடு சேரும் வெல்டிங்கைப் பெயின்ட் சுரண்டிப் பாருங்கள். முடிபோல ஒரு விரிசல் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி பேரிங் சத்தம் கேளுங்கள். ஆரக்கால் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டி, தளர்ந்தது ஏதும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.