பார்வை 6/6, ஆனாலும் வரி தாண்டுகிறது: விஷன் தெரபி மையம் பற்றி என் கருத்து

பரிசோதனைக்கு முழு மார்க், பயிற்சிக்கு நல்ல மார்க், சேர்க்கும்போது கொடுத்த வாக்குறுதிக்கு மார்க்கே கிடையாது. பிள்ளைகளுக்கான விஷன் தெரபி, அதாவது கண்களைச் சேர்ந்து இயங்கப் பழக்கும் பயிற்சி தரும் மையம் ஒன்றில் என் 9 வயது மகளைக் காட்டியதைப் பற்றி இப்படித்தான் சொல்ல முடியும்.

பிரச்சினை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்திருப்பார்கள். படிக்கும்போது வரி தாண்டுவாள், படித்த வரியையே மறுபடி படிப்பாள், கொஞ்ச நேரத்தில் நெற்றியைத் தேய்க்க ஆரம்பிப்பாள், சில சமயம் ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு படிப்பாள். மைதானத்தில் பந்து நெஞ்சில் பட்ட பிறகுதான் கை மூடும், அதனால் மற்ற பிள்ளைகள் அவளை அணியில் கடைசியாகத்தான் எடுப்பார்கள். வகுப்பில் கவனமே இல்லை என்றார்கள். கண்ணைச் சோதித்தால் 6/6, கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அது பொய்யில்லை. ஆனால் அந்த எழுத்துப் பலகை 6 மீட்டர் தூரத்தில், ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கிற சோதனை. புத்தகம் இருப்பதோ ஏறக்குறைய 40 செ.மீ. தூரத்தில். அங்கே இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் உள்பக்கம் திரும்பி ஒரே சொல்லில் நிற்க வேண்டும், கூடவே ஃபோகஸும் மாற வேண்டும், வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கத்துக்குப் பிசகாமல் தாவ வேண்டும். கண்ணுக்கு 6 தசை வீதம் 12 தசைகள் ஒத்துப்போனால்தான் இது நடக்கும். பந்து பிடிப்பதும் அப்படித்தான், அது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று துல்லியமாகக் கணிக்க இரண்டு கண்ணின் பார்வையும் ஒன்றாகச் சேர வேண்டும்.

இந்த மையத்தில் அதைத்தான் சோதித்தார்கள், அவசரமே படாமல். பேனா முனையை மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டுவந்து, எங்கே இரண்டாகத் தெரிகிறது என்று அளந்தார்கள். சாதாரணமாக 5, 6 செ.மீ. நெருங்கும்வரை ஒன்றாகவே தெரிய வேண்டும். இவளுக்கு அதற்கு வெகு முன்னாலேயே இரண்டாகிவிட்டது, ஒரு கண் வெளிப்பக்கம் நழுவியதை நானே பார்த்தேன். அப்புறம் பிரிசம் லென்ஸ், போலராய்டு கண்ணாடி போட்டு, படத்திலிருந்து எழும்பித் தெரியும் ஈயின் இறக்கையைக் கிள்ளச் சொல்லும் சோதனை எல்லாம் நடந்தது. எனக்கு மிகவும் பிடித்தது, அறிகுறிகள் பற்றிய 15 கேள்விகளை என்னிடம் கேட்காமல் அவளிடமே கேட்டார்கள். "படிக்கும்போது எழுத்து நகருதா?" என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் நகரும்தானே ஆன்ட்டி?" என்றாள். பிள்ளைகள் தாங்களாக வந்து சொல்லாததற்குக் காரணமே இதுதான்.

கன்வர்ஜென்ஸ் இன்சஃபிஷியன்சி என்றார்கள், அதாவது அருகில் பார்க்கும்போது கண்கள் போதுமான அளவு குவியவில்லை. வாரம் ஒரு முறை அங்கே பயிற்சி, மற்ற நாட்களில் வீட்டில் 15 நிமிடம். இருந்ததிலேயே உருப்படியான கருவி ப்ராக் ஸ்ட்ரிங், வண்ண மணிகள் கோத்த ஒரு கயிறு, அவ்வளவுதான். ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி மறுமுனையை மூக்கில் வைத்து ஒரு மணியைப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்தால் கயிறு இரண்டாகத் தெரிந்து சரியாக அந்த மணியில் வெட்டிக்கொள்ளும், ஒரு கண் ஒதுங்கிவிட்டால் ஒரே கயிறுதான் தெரியும். பிள்ளை தானே சரிபார்த்துக்கொள்ளலாம் என்பதால் வீட்டில் சண்டை இல்லை. கணினி விளையாட்டுகள் சீக்கிரம் சலித்துவிட்டன. பயிற்சி தருபவர் அடிக்கடி மாறியதும் பெரிய குறை, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

பலன் உண்டு. தலைவலி நின்றுவிட்டது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிப்பதில்லை, பந்தை இப்போது கையை நீட்டிப் பிடிக்கிறாள்.

ஆனால் சேர்க்கும்போது "மார்க் ஏறும், டிஸ்லெக்சியாவே சரியாகும்" என்றார்களே, அதை என்னால் ஏற்க முடியாது. 2008-இல் 9 முதல் 17 வயது வரையான 221 பிள்ளைகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், 12 வாரத்தில் மையத்தில் பயிற்சி பெற்றவர்களில் 73 சதவீதம் பேர் முழுமையாகவோ ஓரளவோ தேறினார்கள், வீட்டில் பென்சிலை மூக்கை நோக்கிக் கொண்டுவந்து பார்க்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 43 சதவீதம். இது நல்ல ஆதாரம். ஆனால் 2019-இல் 311 பிள்ளைகளிடம் செய்த அடுத்த ஆய்வில், கண் குவிதல் மேம்பட்டதே தவிர, படித்துப் புரிந்துகொள்ளும் திறனில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போலிப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்களைவிட உண்மையான பயிற்சி பெற்றவர்கள் முந்தவில்லை. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு மொழியை மூளை கையாளும் விதத்தில் வருவது, கண் பயிற்சி அதற்கு மருந்தில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், கண் மருத்துவர்கள் அமைப்புகள் 2009-லேயே கூட்டாக அறிவித்துவிட்டன. கவலையில் இருக்கும் பெற்றோரிடம் இதை மறைத்து விற்பது தவறு, அதை அவர்களிடமே நேரில் சொன்னேன்.

உங்கள் பிள்ளைக்கு இந்த அறிகுறிகள் இருந்தால், இரண்டு கண்ணும் சேர்ந்து இயங்குவதைச் சோதிக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். திடீரென்று இரட்டையாகத் தெரிந்தாலோ புதிதாக மாறுகண் வந்தாலோ பயிற்சி மையம் வேண்டாம், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். தெரபியில் சேர்த்தால், எத்தனை செ.மீ. வரை ஒன்றாகத் தெரிகிறது என்ற அளவைத் தொடக்கத்திலும் நடுவிலும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எண் மாறாமல் வாரக்கணக்கில் இழுத்தால் நிறுத்திவிட்டு வேறொருவரிடம் காட்டலாம்.