மொட்டை மாடி அலுவலக அறைக்கு 50 மி.மீ. பஃப் பேனல்: கூரைக்குச் சரி, சுவருக்கு யோசியுங்கள்

மொட்டை மாடியில் ஒரு சின்ன அறை போட்டு அங்கேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று ஃபேப்ரிகேட்டரிடம் போனால், "கலர் ஷீட்டா, பஃப் பேனலா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். கையில் காசு குறைவு என்றால் ஷீட்டைச் சொல்லத்தான் மனம் வரும். அங்கே மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கூரைக்கு 50 மி.மீ. பஃப் பேனல் கொடுத்த காசுக்குக் குறைவில்லாமல் உழைக்கும். ஆனால் நான்கு சுவருக்கும் அதையே போட்டுவிடலாம் என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம்.

பஃப் பேனல் என்பது இரண்டு வண்ணம் பூசிய இரும்புத் தகடுகளுக்கு நடுவில் பாலியூரித்தேன் நுரையை நிரப்பி ஒட்டிய பலகை. சித்திரை, வைகாசி வெயிலில் கூரைத் தகட்டின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். அறைக்குள் 25 டிகிரி வேண்டும் என்றால் வித்தியாசம் 35 டிகிரி. 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறையில் கூரை 12 சதுர மீட்டர். வெறும் ஷீட் போட்டால் அதன் வழியாக உள்ளே இறங்கும் வெப்பம் சுமார் 2,500 வாட். ஒரு டன் ஏசியின் மொத்தத் திறனே 3,500 வாட்தான். அதில் முக்கால் பங்கைக் கூரையே தின்றுவிடும். 50 மி.மீ. பஃப் போட்டால் அதே கூரை வழியாக வருவது சுமார் 180 வாட். ஷீட் போட்டுவிட்டு அடுத்த கோடையில் ஃபால்ஸ் சீலிங், அதற்கு மேல் கண்ணாடிப் பஞ்சு என்று சேர்ப்பவர்கள் இரண்டு முறை கூலி கொடுக்கிறார்கள்.

வாங்கும்போது நுரையின் அடர்த்தியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கன மீட்டருக்கு 40 கிலோ என்று எல்லோரும் சொல்வார்கள். வெட்டிப்போட்ட துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, தகட்டை உரித்துவிட்டு, 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரமாக நுரையை அறுத்து எடுங்கள். 5 செ.மீ. கனம் என்றால் அது 500 கன செ.மீ. சமையலறைத் தராசில் 20 கிராம் காட்ட வேண்டும். 16 கிராம்தான் வருகிறது என்றால் அடர்த்தி 32. அந்தப் பலகையில் கால் வைத்தாலே அமுங்கும், தகடும் நுரையும் விட்டுப் பிரிவதும் சீக்கிரம் வரும். அறுத்த முகத்தில் வெள்ளை மணிமணியாகத் தெரிந்தால் அது பஃப்பே இல்லை, தெர்மோகோல். தெர்மோகோல் பேனல் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. ஆனால் 50 மி.மீ. பஃப் செய்யும் வேலையைச் செய்ய அது 80 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும். 50 மி.மீ. தெர்மோகோலைப் பஃப் விலைக்கு வாங்கி ஏமாறக் கூடாது.

அடுத்தது தகடு. 0.5 மி.மீ. என்று சொன்னால் அது பூச்சோடு சேர்த்தா, வெறும் இரும்பா என்று கேளுங்கள். பெரும்பாலும் பூச்சோடு சேர்த்துத்தான். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் வெறும் துத்தநாகப் பூச்சை விட அலுமினியமும் துத்தநாகமும் கலந்த கால்வலூம் பூச்சு உப்புக் காற்றுக்குத் தாங்கும். நிறம் வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் மட்டும். அடர் நீலமும் செங்கல் சிவப்பும் பார்க்க அழகு. ஆனால் அந்தத் தகடுகள் இன்னும் சூடேறி, விரிந்து சுருங்கி, நுரையின் ஒட்டைப் பதம் பார்க்கும். கோல்டு ஸ்டோரேஜைக் கலைத்த பழைய பேனல் மலிவாகக் கிடைக்கும். சுவருக்கு ஓகே. அதில் மேட்டுவரி இருக்காது, தட்டையாக இருக்கும் என்பதால் கூரைக்கு ஆகாது. இணைப்புகளில் தண்ணீர் நிற்கும், முதல் மழையிலேயே ஒழுகும்.

அளவில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். நாம் 10க்கு 12 அடி என்று யோசிக்கிறோம். பேனலோ ஒரு மீட்டர் அகலத்தில் வருகிறது. 10 அடி என்பது 3.05 மீட்டர். அந்த 5 செ.மீ.க்காக ஒரு முழுப் பலகையை அறுக்க வேண்டியிருக்கும். 3 மீட்டருக்கு 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கூரைக்கு 3.6 மீட்டர் நீளத்தில் 4 பலகை போதும், முன்னும் பின்னும் 30 செ.மீ. இறவாரமும் கிடைத்துவிடும். கூரைப் பலகையில் ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறும். விலை போடுவது ஏறிய பிறகு மூடும் அகலத்துக்கா, மொத்த அகலத்துக்கா என்பதை எழுதி வாங்குங்கள். சதுர அடிக்கா, சதுர மீட்டருக்கா, ஜிஎஸ்டி சேர்த்தா என்பதையும் அப்படியே. சின்ன ஆர்டருக்கு லாரி வாடகை பலகை விலையில் ஒரு நல்ல பங்காகிவிடும். பக்கத்தில் எங்காவது வேலை நடந்தால் அதோடு சேர்த்து இறக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு பலகை கிட்டத்தட்ட 40 கிலோ. மாடிப்படியில் திருப்ப முடியாது. வெளியே கயிறு போட்டுத்தான் ஏற்ற வேண்டும். காற்று அடிக்கும் மதியத்தில் ஏற்றக் கூடாது. தூக்குபவர்கள் பலகையைக் கிடையாகப் பிடித்தால் நடுவில் வளைந்து நுரை விட்டுப்போகும். விளிம்பு மேலே இருக்கும்படி செங்குத்தாகப் பிடிக்க வேண்டும்.

கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் கணக்கு சுலபம். 3 மீட்டர் பக்கமாக வாட்டம் வைத்தால், பத்துக்கு ஒன்று வீதம் 30 செ.மீ. சரிவு: பின்பக்கம் 2.6 மீட்டர், முன்பக்கம் 2.9 மீட்டர். நீளவாக்கில் 4 பர்லின் (பலகையைத் தாங்கும் குறுக்குக் குழாய்), ஒரு மீட்டருக்கு ஒன்று. 60க்கு 40 மி.மீ. அளவில் 2 மி.மீ. கனக் குழாய் 6 மீட்டர் நீளத்தில் வரும். மூன்று குழாய் வாங்கி ஒவ்வொன்றையும் 4, 2 என்று அறுத்தால் 4 மீட்டரில் மூன்று முழுசாகக் கிடைக்கும். மிச்சமுள்ள 2 மீட்டர் துண்டுகளில் இரண்டை நடு ராஃப்டரின் (சரிவுவாக்கில் போகும் குழாய்) மேல் இணைத்தால் நான்காவது பர்லின். ஒரு குழாயைத் தராசில் வைத்தால் 17, 18 கிலோ காட்ட வேண்டும். 14 காட்டினால் அது 2 மி.மீ. இல்லை.

இனி வருவது மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். பஃப் பேனலின் பெருமையே எடை குறைவு: சதுர மீட்டருக்கு 10 கிலோதான், 4 அங்குலக் கான்கிரீட் தளம் 250 கிலோ. கீழே உள்ள கட்டடத்துக்கு அது நல்லது. புயலுக்கு அதுவே ஆபத்து. சென்னைக்கு இந்தியத் தர நிர்ணயத்தின் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 14 சதுர மீட்டர் கூரையை மேலே இழுக்கும் விசை இரண்டு டன்னைத் தொடலாம். கூரையின் சொந்த எடையோ 145 கிலோ. 2016 டிசம்பரில் வர்தா புயல் கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே தூண் எதைப் பிடித்து நிற்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. நம் ஊர் மொட்டை மாடியில் மேலே தெரிவது தட்டோடு. அதற்குக் கீழே சுருக்கி, அதாவது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த அடுக்கு. அதற்கும் கீழேதான் கான்கிரீட். பலர் 3 அங்குல ஆங்கர் போல்ட்டைத் தட்டோட்டின் மேலேயே அடித்துவிட்டுப் போகிறார்கள். அது சுருக்கியோடு நின்றுவிடும். காற்றில் பல்லைப் பிடுங்குவது போல வந்துவிடும். அதோடு நீர்த்தடுப்பில் ஓட்டை விழுந்து கீழ் வீட்டுக் கூரையில் ஓதம் காட்டும். சரியான முறை: தூண் நிற்கும் இடத்தில் மட்டும் தட்டோட்டையும் சுருக்கியையும் ஓரடிச் சதுரமாக வெட்டி எடுத்து, கான்கிரீட் வரை போக வேண்டும். கீழே பீம் அல்லது சுவர் இருக்கும் இடமாகப் பார்த்துத் தூணை வையுங்கள். பழைய தூணின் கம்பி மேலே நீட்டிக்கொண்டிருந்தால் துருவைச் சுரண்டிவிட்டு அதோடு சேர்த்துப் பற்றவைப்பது இன்னும் உறுதி. கான்கிரீட்டில் அடித் தகடு, 12 மி.மீ. ஆங்கர் நான்கு, பிறகு அந்தக் குழியைக் கான்கிரீட் போட்டு மூடி, சுற்றிலும் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் கான்கிரீட்டே இருக்காது, மரக்கட்டையும் செங்கல்லும்தான். பொறியாளர் பார்க்காமல் அங்கே எதுவும் ஏற்றாதீர்கள்.

சுவருக்கு அடியில் சுற்றிலும் 4 அங்குல உயரத்துக்கு ஒரு கட்டு கட்டினால்தான் மாடித் தண்ணீர் உள்ளே வராது. அந்தக் கட்டு மாடியின் வாட்டத்தை மறிக்கக் கூடாது. தண்ணீர் ஓடி வடிகுழாய்க்குப் போகும் வழியில் அறையை வைத்துவிட்டு, மழைக்கு மாடி முழுக்கத் தண்ணீர் நிற்கிறது என்று கொத்தனாரைத் திட்டுவதில் பயனில்லை. வடகிழக்குப் பருவமழையின் சாரல் எந்தப் பக்கம் அடிக்கும் என்று பெயரிலேயே இருக்கிறது. கதவை அந்தப் பக்கம் வைக்காதீர்கள்.

கூரை மாட்டும்போது நடக்கும் தவறுகள் பழகிப்போனவை. ஸ்க்ரூவைப் பள்ளத்தில் அடிப்பார்கள். மேட்டில்தான் அடிக்க வேண்டும், 50 மி.மீ. பலகையோடு மேட்டின் உயரமும் சேர்வதால் 90 முதல் 100 மி.மீ. நீள ஸ்க்ரூ தேவை. ரப்பர் வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் இரண்டு கோடையில் வெடித்து ஒழுகும். லேசாக அழுந்தினால் போதும். பலகையைக் கிரைண்டரில் அறுத்தால் தீப்பொறி பெயிண்டைச் சுட்டு, ஒரே மாதத்தில் துருப்புள்ளி கிளம்பும்; ஜிக்சா வைத்து அறுத்து, இரும்புத் தூளை அன்றே பெருக்கிவிட வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையை மாட்டும்போதே உரித்துவிடுங்கள். வெயிலில் சில வாரம் கிடந்தால் வெந்து ஒட்டிக்கொண்டு சுரண்டினாலும் வராது. அறுத்த விளிம்புகளை எல்லாம் மூட வேண்டும். திறந்து கிடந்தால் எறும்பும் அணிலும் நுரையைக் குடைந்து வீடு கட்டும்.

சுவருக்கு ஏன் யோசிக்கச் சொன்னேன் என்றால், சத்தத்துக்காக. பஃப் வெப்பத்தைத் தடுப்பதில் கெட்டி, சத்தத்தைத் தடுப்பதில் சுமார். சுமார் 25 டெசிபல்தான் குறைக்கும். பஸ் ஹாரனும் பக்கத்து வீட்டு போர்வெல் மோட்டாரும் மீட்டிங்கில் எல்லோருக்கும் கேட்கும். நாள் முழுக்கப் பேசும் வேலை என்றால், இரும்பு ஸ்டட் (செங்குத்துச் சட்டம்) அடித்து, இரண்டு பக்கமும் 8 மி.மீ. ஃபைபர் சிமென்ட் போர்டு, நடுவில் 50 மி.மீ. ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) என்று போடுவது மேல். போர்டுகளுக்கு இடையில் 3 மி.மீ. விட்டு சீலன்ட் அடைக்க வேண்டும். முட்டவைத்தால் விரிசல் விடும். தெருப் பக்கச் சுவருக்கு நேர் கீழே பீம் இருந்தால் அந்த ஒரு சுவரை மட்டும் 4 அங்குல ஏஏசி பிளாக்கில் (எடை குறைந்த நுண்துளைக் கான்கிரீட் கல்) கட்டலாம். அமைதியான தெரு, ஒரு வாரத்தில் அறை வேண்டும் என்றால் நான்கு பக்கமும் பஃப் போட்டுக்கொள்வதில் தவறில்லை. அடைமழையில் கூரை வெறும் தகரம் போல அலறாது, ஆனால் கேட்கும். அதற்கு மினரல் ஃபைபர் ஓடு வைத்த ஃபால்ஸ் சீலிங்தான் மருந்து. அதைப் பிறகு காசு வந்ததும் போட்டுக்கொள்ளலாம்.

ஜன்னலை மேற்கே வைத்தால் கூரைக்குச் செய்த செலவு வீண். மாலை வெயிலில் ஒரு சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடி வழியாக வரும் வெப்பம், முழுக் கூரை வழியாக வருவதைவிட அதிகம். வடக்குப் பக்கம் வையுங்கள். வெளிச்சமும் சீராக இருக்கும். பேனல் அறை காற்றுப் புகாத பெட்டி என்பதால் ஏசி மட்டும் போதாது, உயரத்தில் ஒரு வென்டிலேட்டரும் வேண்டும்.

பாலியூரித்தேன் தீப்பிடித்தால் புகை விஷம். அறையில் டீ போட அடுப்பு வேண்டாம், கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். சுற்றிலும் இரும்பு என்பதால் சட்டத்தையும் தகட்டையும் எர்த் செய்தே ஆக வேண்டும். கீழே போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. வயரில் தனி லைன், அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி). வயர் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடாவிட்டால் தகட்டின் கூர் விளிம்பு வயரை அறுத்துவிடும்.

அனுமதி விஷயத்தில் "பேனல்தானே, கழற்றிவிடலாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். சுவரும் கூரையும் வந்தால் அது அறைதான். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி தளப்பரப்புக் குறியீடு (மனையின் பரப்புக்கு எவ்வளவு கட்டலாம் என்ற அளவு) மிச்சம் இருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. அங்கே இந்தப் பேச்சே வேண்டாம்.

பேனல் மாட்டி முடித்த பிறகுதான் பலருக்கும் தெரியவருவது, வைஃபை உள்ளே வராது. இரும்புத் தகடு அலையைத் தடுக்கும். மொபைல் சிக்னலும் பாதியாகும். சுவர் எழும் முன்பே ஒரு அங்குலக் குழாய் ஒன்றைக் கீழிருந்து மேலே விட்டு, அதில் இணையத்துக்கான கேட் 6 கேபிள் இழுத்து வையுங்கள். மின்வயர் போகும் குழாயில் அதைச் சேர்க்காதீர்கள்.