லினக்ஸுக்குத் தனிப் பதிப்பா, பிரவுசரே போதுமா?

2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்தது. இலங்கையின் ஹட்டன், பண்டாரவளைக் கடைகளில் உள்ள பழைய கொம்பியூட்டர்கள் பலவற்றை வின்டோஸ் 11 ஏற்காது, வின்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் ஏற்கும். ஆனால் கலியாண அட்டையும் தேர்த்திருவிழா நோட்டீஸும் அடிக்கும் கடைக்குப் போட்டோஷொப் வேண்டும். அதற்கு லினக்ஸ் பதிப்பே இல்லை. இப்படியான மென்பொருள்களை லினக்ஸிலேயே ஓடும் தனிப் பதிப்பாகக் கம்பனிகள் தர வேண்டுமா, பிரவுசரில் திறந்தால் போதுமா என்பதே கேள்வி.

கம்பனிகளுக்குப் பிடித்த வழி பிரவுசர். மைக்ரோசொப்ட் 2022இல் கூட்டம் நடத்தும் டீம்ஸின் லினக்ஸ் செயலியை நிறுத்திவிட்டு பிரவுசர் வழியே வரச் சொன்னது. செலவு குறைவு, பல வகை லினக்ஸ்களில் எதற்குச் செய்வது என்ற தலைவலியும் இல்லை. கூட்டம் நடத்த இது போதும். அட்டை அடிக்க? அடைமழையில் சிக்னல் போனால் வேலையும் போச்சு. பழைய முறைத் தமிழ் எழுத்துருவான பாமினியில் கிடக்கும் பழைய கோப்புகளை பிரவுசரில் திறந்து திருத்துவதும் லேசான காரியமில்லை.

தனிப் பதிப்பு என்றாலும் முழுசாகத் தர வேண்டும். வீடியோ எடிட் செய்யும் டாவின்சி ரிசோல்வ் லினக்ஸில் ஓடுகிறது, சந்தோஷம். ஆனால் ஃபோனில் எடுத்த எச்.264 என்ற வடிவ வீடியோவை இலவச லினக்ஸ் பதிப்பில் போட்டால் படம் வராது; முதலில் வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். கோரல் கம்பனி 2000இலேயே தன் வரைகலை மென்பொருளான கோரல்டிரோவை லினக்ஸுக்குக் கொண்டுவந்து, பிறகு கைவிட்டது. விற்பனை போதாதென்றால் கம்பனியைக் குறை சொல்ல முடியாதுதான்.

இருந்தாலும் என் ஓட்டு தனிப் பதிப்புக்கே. எல்லா லினக்ஸுக்கும் தனித்தனியே செய்யத் தேவையில்லை. பல வகை லினக்ஸிலும் ஓடும் பொதி வடிவமான பிளாட்பக்கில் ஒன்று செய்து, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் மட்டும் சோதித்துத் தந்தாலே ஹட்டன் கடைக்காரர் காசு கொடுத்து வாங்குவார்.