ஆர்ச்சஸ் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள்: ஓவிய மாணவருக்குத் தேவையா?

பிரான்சில் தயாராகும் ஆர்ச்சஸ், முழுக்கப் பருத்தி இழைத் தாள். ஜெலட்டின் பசை மேற்பரப்பில் மட்டுமில்லாமல் உள்ளேயும் ஊறியிருக்கும். அதனால் வண்ணம் சட்டென்று உறிஞ்சப்படாது. அகலமான வாஷ் (தண்ணீர் கலந்த வண்ணத்தை ஒரே சீராகப் பரப்புவது) போட அவகாசம் கிடைக்கும். மலிவான மரக்கூழ்த் தாளில் ஓரம் சீக்கிரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். ஆர்ச்சஸை நனைத்தால் லேசாக ஒரு விலங்கு வாடை வரும். ஜெலட்டின்தான், தாள் கெட்டுவிடவில்லை.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம் என்றாலும், முழுத் தாளில் கால் பங்கைவிடப் பெரிதாக எடுத்துத் தண்ணீர் நிறைய விட்டால் நெளியும். இருபுறமும் நனைத்து, ஐந்து நிமிடம் விட்டு, பலகையில் நான்கு ஓரத்தையும் நனைத்தால் ஒட்டும் பசைத்தாள் நாடாவால் ஒட்டிப் படுக்கைவாக்கில் காயவிடுங்கள். மாஸ்கிங் டேப் ஈரத்தில் பிடிக்காது. நனைக்க வெந்நீர் வேண்டாம், தாளில் ஊறிய ஜெலட்டின் பசை கரைந்துவிடும். வண்ணம் படாமல் வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் பூசும் மாஸ்கிங் திரவத்தை நாள்கணக்கில் விட்டுவைத்தால் உரிக்கும்போது தாளும் சேர்ந்து வரும்.

ஈரக்காற்றில் திறந்து கிடக்கும் தாளில் பசை பழுதாகி, வண்ணம் புள்ளி புள்ளியாக இறங்கும். ஸ்டூடியோ அலமாரியிலும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் வைக்க வேண்டும்.

விலைதான் இடிக்கிறது. தினசரி உருவ வரைவுக்குக் கார்ட்ரிட்ஜ் தாளே (சாதாரண வரைதாள்) போதும். வாஷ் பழக மட்டும் மலிவுத் தாள் வேண்டாம். தாளின் குறையை மாணவர் தன் கைக்குறை என்று நினைத்துக்கொள்வார். 56×76 செ.மீ. முழுத் தாளாக வாங்கி எட்டாகக் கிழித்தால், பின்பக்கமும் பயிற்சிக்கு ஆகும்.