காக்கிநாடா ஆழ்கடலில் இரண்டு வழிகள்: கரைவரை குழாயா, கடலிலேயே கப்பலா?

காக்கிநாடாவுக்கு எதிரே வங்கக் கடலில் இரண்டு பிளாக்குகள், அதாவது எண்ணெயும் வாயுவும் எடுக்க அரசு ஒதுக்கிய பகுதிகள், வரப்பு ஒட்டின தோட்டங்கள் மாதிரி அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று ரிலையன்ஸும் பிரிட்டனின் பிபியும் சேர்ந்து நடத்தும் கேஜி-டி6. மற்றது ஓஎன்ஜிசியின் கேஜி-டிடபிள்யூஎன்-98/2. தோட்டங்கள் ஒட்டியிருந்தால் நம்மூரில் என்ன வரும்? 'எங்க போர்த் தண்ணி உங்க போருக்குப் போகுது' என்று சண்டை வரும். அங்கேயும் வந்தது. தன் பக்கத்து வாயு நகர்ந்து ரிலையன்ஸ் கிணறுகள் வழியாக வெளியேறுகிறது என்று 2014-ல் ஓஎன்ஜிசி நீதிமன்றம் போனது. பிறகு மத்திய அரசு 155 கோடி டாலர் கேட்டது. 2018-ல் நடுவர் மன்றம் ரிலையன்ஸ் பக்கம் நின்றது. 2025 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

அந்த வழக்கை விட்டுவிடுவோம். ஆழ்கடலில் கிடைப்பதைக் கரை சேர்க்க இரண்டு வழிகள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன என்பதுதான் நமக்கு வேண்டியது. முதல் வழியில் கிணற்றுத் தலையிலிருந்து வால்வு வரை எல்லாமே கடலடித் தரையில் கிடக்கும். கிணற்றுக்கு மேலே ஆள் கிடையாது, மேடை கிடையாது. குழாய் வாயுவைக் கரைப்பக்கம் கொண்டுவந்துவிடும். டி6-ன் ஆர் கிளஸ்டர் என்ற வாயு வயல் அப்படித்தான். 2,000 மீட்டருக்கும் ஆழமான கடலடியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் குழாயில் வந்து ஆழம் குறைந்த கடலில் நிற்கும் மேடையைத் தொட்டு, அங்கிருந்து காடிமொகா முனையத்துக்குப் போகிறது. 2020 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. இரண்டாவது வழி எஃப்பிஎஸ்ஓ: கடலிலேயே கட்டிப்போட்ட ஆலைக்கப்பல். எண்ணெய், வாயு, தண்ணீர் மூன்றையும் அதிலேயே பிரித்து, எண்ணெயை வயிற்றில் நிரப்பி வைத்து, வரும் டேங்கர் கப்பலுக்கு ஊற்றிவிடும். ஓஎன்ஜிசி 'ஆர்மடா ஸ்டெர்லிங் 5' என்ற வாடகைக் கப்பலை நிறுத்தி 2024 ஜனவரி 7-ம் தேதி முதல் எண்ணெய் எடுத்தது.

இந்த இரண்டையும் தவிர வேறு வகைகளும் உண்டு. இறுக்கிய எஃகுக் குழாய்த் தண்டுகளால் கடலடியோடு கட்டிய மிதவை மேடை, நெட்டுக்குத்தாக மிதக்கும் 'ஸ்பார்' உருளை ஆகியவை மெக்சிகோ வளைகுடாவில் நிறைய. அங்குள்ள பெர்டிடோ ஸ்பார் 2,450 மீட்டர் ஆழத்துக்கு மேல் மிதக்கிறது. கிணற்றுத் தலையை மேடையிலேயே வைக்கும்படி கட்டிவிட்டால், பழுது வரும்போது மேலே நின்றபடியே கிணற்றுக்குள் கருவி இறக்கலாம். அது பெரிய வசதிதான். ஆனால் விலை பெரிது, ஒரே இடத்துக்கென்று கட்டினது, வயல் ஏமாற்றினால் நகர்த்துவது பெரும்பாடு. நம் கிழக்குக் கடலில் உண்மையான போட்டி முதல் இரண்டுக்குள்தான்.

எந்த வழியானாலும் முதலில் துளை போட்டாக வேண்டும். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் முதலாளி ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, ஆயிரத்தி ஐந்நூறு அடி நாங்க ரெண்டு நாள்ல போட்டுட்டு அடுத்த ஊருக்குப் போயிடறோம். அவங்க ஒரு கிணத்துக்கு மாசக்கணக்குல என்னங்க பண்றாங்க?" நியாயமான கேள்வி. பதில் பாறையில் இருக்கிறது. கொங்கு மண்ணுக்குக் கீழே நைஸ், சார்னோகைட் என்று கெட்டிப் பாறை. மேல் மண் சரியாமல் இருக்கக் கொஞ்ச தூரம் கேசிங் குழாய் இறக்கினால் போதும்; அதற்குக் கீழே காற்றடித்துச் சுத்தியல் இறக்க, துளை தானாக நிற்கும். கோதாவரி கடலில் கொட்டியது இளம் வண்டல், தளர்ந்த மணல். துளை நிற்காது. ஆகவே அடர்ந்த சேற்றுக் குழம்பை நிரப்பி, அதன் எடையால் சுவரைத் தாங்கிக்கொண்டே துளைக்க வேண்டும். குழம்பு லேசானால் கீழிருந்து வாயு எகிறும். கனத்தால் பாறை வெடித்துக் குழம்பு அதற்குள் ஓடிவிடும். நிலத்தில் இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே தாராளமான இடம் உண்டு. ஆழ்கடலில் மேலே அழுத்துவதில் இரண்டு கிலோமீட்டர் பாறையாக இல்லாமல் வெறும் தண்ணீராக இருப்பதால் அந்த இடைவெளி ஒடுங்கிவிடுகிறது. கொஞ்சம் துளைத்து, கேசிங் இறக்கி, சிமென்ட் அடைத்து, அதைவிடச் சிறிய துளைமுனை போட்டு மறுபடி கொஞ்சம் என்றுதான் போக முடியும். துளைக்கும் கப்பலின் நாள் வாடகையே சில லட்சம் டாலர்.

அழுத்தத்தையும் சொல்லிவிடலாம். நம் ரிக் லாரிகளின் கம்ப்ரஸர் பெரும்பாலும் 300 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) சுற்றுவட்டாரம். 2,000 மீட்டர் கடலடியில் சும்மா நிற்கும் தண்ணீரின் அழுத்தமே ஏறக்குறைய 2,900 பிஎஸ்ஐ. பாறைக்குள்ளிருந்து வரும் வாயுவின் அழுத்தம் அதற்கு மேலே. 2010 ஏப்ரல் 20-ல் மெக்சிகோ வளைகுடாவின் மகோண்டோ கிணற்றில் அடிச் சிமென்ட் தாங்கவில்லை. மேலே இருந்த ரிக்கில் 11 பேர் இறந்தார்கள். கசிவை நிறுத்த 87 நாள் ஆனது. கசிவின் மேல் கவிழ்க்க ஒரு பெரிய எஃகுக் கூண்டை இறக்கியும் பலிக்கவில்லை. கூண்டுக்குள் பனிக்கட்டி மாதிரி ஒரு பொருள் உறைந்து அடைத்துக்கொண்டது.

அந்தப் பொருளின் பெயர் ஹைட்ரேட். கப்பலா குழாயா என்ற விவாதமே முக்கால்வாசி அதைச் சுற்றித்தான். மீத்தேனும் தண்ணீரும் அதிக அழுத்தத்தில் சேர்ந்தால் உறைவதற்குப் பூஜ்ஜியம் டிகிரி தேவையில்லை. 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் 15 டிகிரியிலேயே கட்டியாகிவிடும். வங்கக் கடலில் 2,000 மீட்டருக்குக் கீழே தண்ணீர் 3 டிகிரி அளவுக்குக் குளிர்ந்து கிடக்கிறது. அதன் வழியே அறுபது கிலோமீட்டர் குழாய் போட்டால், வழியெங்கும் அடைப்புக்கு வாய்ப்பு. இதற்காக மோனோ எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தைக் கிணற்றுத் தலைவரை கொண்டுபோய் வாயுவோடு கலந்து அனுப்பி, கரையில் பிரித்தெடுத்து, மறுபடி அனுப்புகிறார்கள். நார்வேயில் ஓர்மென் லாங்கே வயல் 2007 முதல் இப்படித்தான் கடலடியிலிருந்து 120 கிலோமீட்டர் ஓடிக் கரை சேர்கிறது. அங்கே கடலடித் தண்ணீர் பூஜ்ஜியத்துக்கும் கீழே. ஆக, வாயுவுக்கு இது தீர்ந்த பிரச்சினை என்றே சொல்வேன்.

எண்ணெய்க்கு அப்படி இல்லை. ஓஎன்ஜிசி வயலின் எண்ணெயில் மெழுகு அதிகம். குளிர்ந்தால் குழாய்ச் சுவரில் மெழுகு படியும். குழாய்க்குள் குழாய் வைத்து நடுவில் வெப்பக்காப்பு கொடுத்துத்தான் கிணற்றிலிருந்து கப்பல்வரை கொண்டுவருகிறார்கள். இந்தச் சரக்கைக் கரைவரை அனுப்ப நினைத்தால் காப்பும் சூடேற்றலும் செலவை எங்கோ கொண்டுபோய்விடும். அதனால் கப்பல் கிணற்றுப் பக்கமே போய் நிற்கிறது. அங்கேயும் பிரித்த வாயு மட்டும் குழாயில் ஒடலரேவு முனையத்துக்குப் போகிறது.

ரிலையன்ஸ் செய்ததைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரே பிளாக்கில் உலர்ந்த வாயு கிடைத்த ஆர் கிளஸ்டருக்குக் குழாய். வாயுவோடு திரவமும் வரும் எம்ஜே வயலுக்கு 2023-ல் 'ரூபி' என்ற எஃப்பிஎஸ்ஓ. கொள்கை ஒன்றும் இல்லை, சரக்குதான் வழியைத் தேர்ந்தெடுத்தது.

குழாய் வழியின் பலவீனத்துக்கு உதாரணம் தேட நார்வே போக வேண்டாம்; அதே டி6-ல் இருக்கிறது. டி1, டி3 வயல்கள் 2009 ஏப்ரலில் தொடங்கின. நாளுக்கு 8 கோடி கன மீட்டர் என்பது திட்டம். 2010-ல் பிளாக் முழுவதும் சேர்ந்து 6 கோடியைத் தொட்டது. அதோடு சரி. கிணறுகளில் தண்ணீரும் மணலும் ஏறின, அழுத்தம் விழுந்தது. 2013-ல் ஒன்றரைக் கோடிக்கும் கீழே வந்துவிட்டது. 2020 பிப்ரவரியில் இரண்டு வயல்களும் மூடப்பட்டன. சொன்ன எண்ணிக்கையில் கிணறு போடவில்லை என்றது அரசுத் தரப்பு. பூமிக்கடியில் எதிர்பார்த்தபடி இல்லை என்றது நிறுவனம். யார் சொன்னது சரி என்றாலும் ஒரு தொழில்நுட்ப உண்மை மாறாது. கடலடிக் கிணற்றில் மணல் ஏறினால் போய்ப் பார்க்க ஆளை அனுப்ப முடியாது. ரிக் கப்பலை மறுபடி வாடகைக்கு எடுக்க வேண்டும். ஒரு நாள் வேலைக்குப் பல நாள் வாடகை. எனவே பல கிணறுகளைச் சரி செய்வதைவிட விட்டுவிடுவதே லாபம் என்று கணக்கு வந்துவிடுகிறது.

எஃப்பிஎஸ்ஓவிலும் கிணறு கடலடியில்தான் இருக்கிறது, அந்தச் சங்கடம் அதற்கும் உண்டு. ஆனால் பணம் முடங்கும் விதம் வேறு. கப்பல் வாடகைக்குக் கிடைக்கும். வயல் சரிந்தால் கழற்றி வேறு கடலுக்கு ஓட்டிப் போகலாம். குழாயைப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. கயானாவைப் பாருங்கள்: 2015-ல் எண்ணெய் கண்டுபிடித்து, 2019 டிசம்பரில் முதல் கப்பல், பிறகு ஒவ்வொன்றாக அடுத்தடுத்த கப்பல்கள். ஒன்றின் வருமானமும் அனுபவமும் அடுத்ததைத் தாங்குகின்றன. அடியில் என்ன இருக்கிறது என்று அரைகுறையாகத் தெரியும் காலத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

கப்பலின் கெட்ட பக்கம் ஆள். நூறு பேர் அளவுக்கு எரியும் சரக்கின் மேலேயே தூங்கி எழ வேண்டும். 2015 பிப்ரவரியில் பிரேசிலில் ஓர் எஃப்பிஎஸ்ஓவின் பம்ப் அறையில் வாயு கசிந்து வெடித்து 9 பேர் இறந்தார்கள். வங்கக் கடலுக்கு அக்டோபர், நவம்பர் என்றால் புயலும் உண்டு. புயலைக் கண்டால் நங்கூரக் கோபுரத்தைக் கழற்றிவிட்டு விலகிப் போகும் கப்பல்கள் இருக்கின்றன, ஆனால் போன நாளெல்லாம் உற்பத்தி இல்லாத நாள். கடலடியில் கிடக்கும் வால்வுக்கு மேலே அடிக்கும் புயல் தெரியாது. மீனவர்களுக்கும் இரண்டும் ஒன்றல்ல: நிற்கும் கப்பலைச் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வட்டத்துக்குள் வலை போடக் கூடாது, இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக் கிணறு அவர்கள் வலைக்கு எட்டுவதே இல்லை.

இனி நம் பக்கத்துக் கணக்கு. டி6 வாயு காக்கிநாடாவிலிருந்து குஜராத் பக்கமாகப் போகும் குழாயில் ஏறுகிறது. கோவைக்கு வருவது கொச்சி முனையத்தில் இறக்கிய எல்என்ஜி என்ற திரவமாக்கிய இயற்கை வாயு, கூற்றநாடு, வாளையார் வழியாக. மத்திய அரசு நிறுவனமான கெயிலின் இந்தக் குழாயை எதிர்த்துத்தான் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விவசாயிகள் போராடினார்கள். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்ன தமிழக அரசின் உத்தரவு 2013-ல் உயர் நீதிமன்றத்திலும் 2016-ல் உச்ச நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. கடலடியில் 60 கிலோமீட்டர் குழாய் போடுவது சுலபமா, தென்னந்தோப்புகளுக்கு நடுவே போடுவது சுலபமா என்று பொறியாளர்களிடம் கேட்டால் உடனே பதில் வராது.

விலையும் எதிர்பார்க்கிற மாதிரி இல்லை. உள்நாட்டு வாயு என்றால் மலிவு என்ற நினைப்பு பழைய வயல்களுக்குத்தான் பொருந்தும். 2023 ஏப்ரலில் பழைய வயல் வாயுவுக்கு 10 லட்சம் பிடியு (வெப்ப அளவு) ஒன்றுக்கு 6.50 டாலர் உச்சவரம்பு. அதே சமயம் ஆழ்கடல் வாயுவுக்கு அரசு வைத்த வரம்பு 12.12 டாலர், அக்டோபரில் 9.96. திருப்பூரில் துணி உலர்த்தும் ஸ்டென்டர் இயந்திரத்துக்கு விறகு பாய்லரோடு போட்டி போடும் விலை இது இல்லை. ஆனாலும் 2022-ல் சந்தையில் எல்என்ஜி 50 டாலரைத் தாண்டியபோது, வரம்பு போட்ட வாயு நாட்டுக்குள் இருந்ததன் அருமை தெரிந்தது.

வேலைவாய்ப்பில் கணக்கு தலைகீழாகிறது, இதை நம்மூரில் யாரும் பேசுவதில்லை. கடலடிக் கருவிகளை உலகில் நாலைந்து நிறுவனங்கள்தான் செய்கின்றன. இருபது வருடம் தொடாமல் ஓட வேண்டும் என்பதால் புதிய பட்டறைக்குக் கதவு திறக்காது. கப்பலின் மேல்தளம் அப்படி இல்லை. அங்கே இருப்பது பம்ப், வால்வு, வெப்பமாற்றி, அழுத்தக்கலன். உப்புக்காற்றைத் தாங்கும் டூப்ளெக்ஸ் எஃகு வார்க்கத் தெரிந்து, சோதனைச் சான்றிதழ் கையில் இருந்தால் போதும். மலுமிச்சம்பட்டியில் எல் அண்ட் டி வால்வு ஆலை இருக்கிற ஊர் இது. சுற்றிலும் வார்ப்படப் பட்டறைகள். எண்ணெய் வயலுக்கான ஏபிஐ தரச் சான்று எடுக்கச் செலவும் பொறுமையும் வேண்டும். இருந்தும் விவசாய மோட்டாரோடு நிற்பவர்களில் சிலராவது இதற்கு நகரலாம்.

வாயு வாங்குகிறவனாக நான் குழாய்ப் பக்கம். இரும்பு வார்க்கிறவனாக இருந்தால் கப்பல் பக்கம். இரண்டில் ஒன்றுதான் என்று கழுத்தைப் பிடித்தால் இப்படிச் சொல்வேன்: உலர்ந்த வாயு, பக்கத்தில் ஏற்கெனவே ஒரு மேடையோ முனையமோ, பல கிணறு போட்டு உறுதி செய்த இருப்பு, மூன்றும் இருந்தால் குழாய். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாடகைக் கப்பலில் தொடங்குவது மேல். டி1, டி3-ல் உலர்ந்த வாயு இருந்தது, மேடையும் முனையமும் அவற்றுக்காகவே கட்டினார்கள், மூன்றாவது கடைசிவரை இல்லை. ஆர் கிளஸ்டர் பிழைத்ததற்கு ஒரு காரணம், அந்தப் பழைய வயல்கள் விட்டுப்போன மேடையும் முனையமும் காத்துக் கிடந்தன. அந்தச் செலவு மிச்சம்.

காவிரிப் படுகையின் ஆழ்கடலில் 2007-லேயே ரிலையன்ஸுக்கு எண்ணெயும் வாயுவும் தட்டுப்பட்டன. அங்கே கரைக்கும் கிணற்றுக்கும் நடுவில் மேடை எதுவும் இல்லை. மேலே சொன்ன கணக்குப்படி, நாளை யாராவது அதை எடுக்க வந்தால் முதல் ஐந்தாறு வருடத்துக்காவது கப்பல்தான் வர வேண்டியிருக்கும். கன்னியாகுமரிக்குத் தெற்கே பிளாக்குகளை ஏலம் விட்டதற்கே எதிர்ப்புக் காட்டிய மீனவர்களோடு அந்த 500 மீட்டர் வட்டம் பற்றித்தான் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.